வளைக்கரமும் வாக்குச் சீட்டும்

தமிழர்தம் பழைய ஊராட்சிக்குச் சான்று காட்ட வேண்டுமாயின் நாம் முதலில் நினைப்பது உத்தரமேரூர்க் கல்வெட்டையே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை மாணவர்க்கு எடுத்துரைக்காத தமிழாசிரியர் இலர். அக்கல்வெட்டு, உறுப்பினராகத் தகுதியுடையோர் யாவர் என்பதையும் வரிசைப்படுத்திக் கூறுகின்றது. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். அகவை 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். மறைநூற் பயிற்சியும் வேண்டும். நிலமில்லா உழவனுக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. அவன் மனைவிக்கும் இல்லை.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தன. கடல் கடந்த கோலாலம்பூரில், 1952ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள், நகராட்சி மன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்தல் நடைபெற்றது. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சார் வட்டாரத்தில் திருமதி தேவகி கிருஷ்ணன் என்னும் இந்தியப் பெண்மணி வேட்பாளராக நின்றார், வென்றார். மலாயாக் கூட்டரசில் மக்கள் வாக்கால் ஒரு பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண் அவரே. அப்பொழுது அவருக்கு அகவை 28.

இந்நிகழ்ச்சி நம் பாடநூல்களிலோ மேடைகளிலோ அதற்குரிய இடத்தைப் பெறவில்லை. காரணம் ஒன்றுண்டு. "மலாயாவில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடவில்லை, ஆண்களுக்குக் கிடைத்தபோது அவர்களுக்கும் சேர்ந்து கிடைத்தது" என்று கூறுவது பலர்க்கு வழக்கமாகிவிட்டது. கேளாமல் கிடைத்த ஒன்றை யார் கொண்டாடுவர்? இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பெண்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

கூற்றின் ஒரு பாதி

கூற்றில் ஒரு பாதி மெய்யே. நியூசிலாந்துப் பெண்கள் 1893இல் வாக்குரிமை பெற்றனர். அதற்கு முன் அவர்கள் மீண்டும் மீண்டும் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் விடுத்தனர். இங்கிலாந்துப் பெண்கள் சிறை சென்று, உண்ணாநோன்பிருந்து, 1918இல் 30 வயதுக்கு மேற்பட்டோர்க்கு மட்டும் ஓரளவு உரிமை பெற்றனர். ஆணுக்கு நிகரான உரிமை 1928இல்தான் கிடைத்தது. மலாயாவிலோ தேர்தல் என்பதே 1951ஆம் ஆண்டின் இறுதியில்தான் தொடங்கியது. ஜார்ஜ் டவுன் நகராட்சிக்கு அவ்வாண்டு திசம்பர் முதல் நாள் நடந்ததே முதல் தேர்தல். அப்பொழுது பெண் என்ற காரணத்துக்காக எவரும் விலக்கப்படவில்லை. எனவே, ஆண்களுக்கு மட்டும் இருந்த உரிமையைப் பெண்கள் கேட்டுப் பெறும் நிலை இங்கு எழவில்லை.

ஆயினும், உரிமை சட்டத்தில் இருப்பது வேறு. அதை எடுத்தாளும் துணிவு மக்களிடம் இருப்பது வேறு. வாக்குச் சாவடிக்கு ஒரு பெண் செல்ல வேண்டுமாயின், தன் பெயரை அதிகாரியிடம் தானே சொல்ல வேண்டும். இஃது எளிய செயலன்று. இந்தியாவில் 1951–52இல் முதற் பொதுத் தேர்தல் நடந்தபோது, ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்கள் தம் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்துகொண்டதுதான் காரணம். அந்நிலையில், அதே பருவத்தில், கோலாலம்பூரில் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டார் என்றால், அத்துணிவு ஒரே நாளில் முளைத்திருக்க இயலாது. அது முளைத்த மண் எது என்று காணவேண்டும்.

சென்னையும் கொழும்பும்

பிரிக்பீல்ட்ஸ் என்பது செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பகுதி. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்தபின், நகரைச் செங்கல்லால் எழுப்புவதற்காக அங்குச் சூளைகள் எழுந்தன. பின்னர் இருப்புப் பாதைப் பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் தோன்றின. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகவும் மேற்பார்வையாளராகவும் பணியாற்ற யாழ்ப்பாணத் தமிழரும், உடலுழைப்புக்குத் தமிழகத்துத் தொழிலாளரும் வந்து குடியேறினர். 1902இல் தோன்றிய கந்தசுவாமி கோயிலும், 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமமும் இன்றும் அப்பகுதியின் பழைமைக்குச் சான்றாக நிற்கின்றன. ஆகவே, சென்னையில் எழுந்த கருத்தும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ எழுந்த கருத்தும் கடிதமாகவும் செய்தித்தாளாகவும் உறவினர் பேச்சாகவும் அங்கு வந்து சேர்ந்தன.

சென்னையில் நிகழ்ந்தது என்ன? 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் நிறுவப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரத்தி ஜினராஜதாசா முதலியோர் அதன் முன்னோடிகள். அவ்வாண்டு திசம்பர் 18ஆம் நாள், சரோசினி நாயுடுவின் தலைமையில் பெண்களின் தூதுக்குழு ஒன்று இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் கண்டு வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கிருந்த தடையை நீக்கியது. சொத்துடையோர்க்கே வாக்கு என்னும் விதி தொடர்ந்ததால் பயன் பெற்றோர் சிலரே; எனினும் கதவு திறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் அமர்ந்து, 1927இல் அதன் துணைத் தலைவரானார்.

இலங்கையில் 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. டொனமூர் அரசியலமைப்பின் வழியே 1931இல் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டே திருமதி நேசம் சரவணமுத்து வடகொழும்புத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். அச்சபையில் அமர்ந்த பெண்களுள் அவர் இரண்டாமவர். தமிழ்ப் பெண்களுள் முதல்வர்.

இவை படித்த குடும்பங்களின் செய்திகள். பிரிக்பீல்ட்ஸ் எழுத்தர் வீட்டுப் பெண்கள் இவற்றை அறிந்திருத்தல் கூடும். ஆனால் அக்காலத்து மலாயாவில் தமிழ்ப் பெண்களுள் பெரும்பாலோர் வாழ்ந்தது நகரத்திலன்று, தோட்டத்து லயங்களில். அங்கே குரல் எழுந்தது வேறு வழியில்.

கிள்ளான், 1941

தோட்டப் பெண்ணின் நாள் பொழுது விடியுமுன்னே தொடங்கிற்று. பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டி, பால் எடுத்துக் கொட்டி, லயத்துக்குத் திரும்பிச் சமைத்தாள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். வெட்டும் மரத்துக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. கூலிக்கு மட்டும் இருந்தது. 1920களின் இறுதியில் அரசு வரையறுத்த கூலி, முதன்மையான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலை ஒன்றாயினும் பத்துக் காசு குறைவு என்பதை ஏட்டில் எழுதிச் சட்டமாக்கியிருந்தனர்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதற்குத் துணை நின்றது. அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். தொழிலாளர் சார்பில் வைக்கப்பட்ட கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடுக; பிள்ளைகளுக்குத் தக்க கல்வி தருக; தக்க மருத்துவ வசதி செய்க; துரைக்கும் கிராணிக்கும் முன்னால் மிதிவண்டியில் அமர்ந்து செல்லும் உரிமை தருக; சங்கம் அமைக்கவும் கூடிப் பேசவும் விடுக என்பன அவற்றுட் சில. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: தோட்டத்து மேலதிகாரிகள் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களிடம் தவறாக நடந்துகொள்வதை ஒழிக்க வேண்டும் என்பது.

இக்கோரிக்கையை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கூலியின் குறைவைப் பேசுவது எளிது. தன் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த இழிவைப் பொதுவெளியில் பேசுவது அக்காலத்து மானவுணர்ச்சிக்கு மாறானது. குடும்பத்துக்கே தலைகுனிவு என்று மூடி மறைத்ததே வழக்கம். அதை எழுத்தில் வடித்து, நாட்டின் அரசும் முதலாளிமாரும் விடை கூறவேண்டிய பொருளாக்கியது 1941ஆம் ஆண்டின் கிள்ளான். பெண்ணின் மானம் வீட்டுச் செய்தியாக இருந்த நிலை மாறி, அரசியல் செய்தியாயிற்று.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் மேலும் பரவியது. படையினர் வரவழைக்கப்பட்டனர்; சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் இழந்தனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆனால் கேட்ட கேள்விகள் ஒடுங்கவில்லை.

தாயும் மகளும்

அவ்வாண்டின் இறுதியில் சப்பானியர் படையெடுப்பு நிகழ்ந்தது. 1943 சூலையில் நேதாசி சுபாசு சந்திரபோசு சிங்கப்பூர் வந்தார். அம்மாதம் 12ஆம் நாள் பெண்கள் கூட்டத்தில் பேசி, சான்சி ராணியின் பெயரால் பெண்கள் படை அமைப்பதாக அறிவித்தார். அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சிப் பாசறை திறக்கப்பட்டது. படைக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன்.

இங்கு ஒரு தொடர்பை எண்ணிப் பார்த்தல் தகும். லட்சுமி, சென்னையில் மருத்துவம் பயின்று 1940இல் சிங்கப்பூர் சென்றவர். அவர்தம் அன்னையார் அம்மு சுவாமிநாதன். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவானபோது அதில் பங்கு கொண்ட பெண்மணிகளுள் அவரும் ஒருவர். பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். தாய் வாக்குக் கேட்டு மனுக் கொடுத்த தலைமுறையினர். மகள் துப்பாக்கி ஏந்திய தலைமுறையினர். அடையாற்றில் பிறந்த எண்ணம் மலாயாவின் தோட்டப் பெண்ணிடம் வந்து சேர்ந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

ஏனெனில், அப்படையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் மலாயாவில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் பலர். வீட்டு வாயிலைத் தாண்டத் தந்தையின் இசைவு வேண்டியிருந்த பெண்கள், சீருடை அணிந்து அணிவகுத்தனர். எழுத்தர் மகளும் பால்மரம் வெட்டியவளும் ஒரே பாசறையில் உண்டு உறங்கினர். சாதியும் ஊரும் கேட்கப்படவில்லை.

கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த ஜானகி தேவர் அப்பொழுது 18 வயதினர். நேதாசியின் பேச்சைக் கேட்டு, அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. தயங்கிய தந்தையின் ஒப்புதலைப் பெற்றுப் படையில் சேர்ந்து, அதன் தலைமைப் பொறுப்புகளுள் ஒன்றை ஏற்றார். 1945 ஏப்ரலில் இரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கிடையே நெடுந்தொலைவு நடந்து சென்ற பெண்களுள் அவரும் இருந்தார்.

இப்படையின் போர்ச் செயல்களை மதிப்பிடுவது வேறு ஆராய்ச்சி. சப்பானியர் ஆட்சியின் கொடுமையைத் தமிழர் மறக்க இயலாது; சயாம் இரயில் பாதையில் மடிந்த நம் தொழிலாளரின் நினைவு அத்தகையது. நாம் இங்கு நோக்குவது ஒன்றையே. படை கலைந்து வீடு திரும்பிய பெண், சென்றபோது இருந்த பெண்ணாகத் திரும்பவில்லை. கட்டளையிடவும், கணக்கு வைக்கவும், கூட்டத்தில் எழுந்து நின்று பேசவும் அவள் பழகியிருந்தாள். நாட்டின் விடுதலை தனக்கும் உரிய செய்தி என்று அறிந்திருந்தாள்.

சங்கம் என்னும் பள்ளி

1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியது. ஜான் திவி அதன் முதல் தலைவர். அதன் தோற்றத்தில் பங்கு கொண்டவர்களுள் ஜானகியும் ஒருவர். பாசறையில் பெற்ற பயிற்சி, இவ்வாறு கட்சிக்கும் சங்கத்துக்கும் வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் ஏனைய இனத்துப் பெண்களும் விழித்தெழுந்தனர். 1946இல் மலாய்ப் பெண்கள் 'அவாஸ்' என்னும் அமைப்பைக் கண்டனர். 1949 ஆகஸ்டு 25ஆம் நாள் அம்னோவின் 'காவும் இபு' எனப்படும் தாய்மார் பிரிவு நிறுவப்பட்டது. 1952க்குப்பின் டெம்ப்ளர் சீமாட்டியின் முயற்சியால் மாதர் நிலையங்கள் ஊர்தோறும் பெருகின.

மாதர் சங்கம் என்றால் தையலும் சமையலும் என்று எள்ளி நகைப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். தையல் வகுப்புக்கென்று கூடிய பெண்களும் ஒரு தலைவியைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். சந்தா தண்ட வேண்டும். வரவு செலவு ஏட்டைச் சபையில் படித்துக் காட்ட வேண்டும். கூட்டக் குறிப்பு எழுத வேண்டும். ஒரு தீர்மானத்துக்குக் கை உயர்த்த வேண்டும். தோற்றவர் வென்றவரோடு ஒத்துழைக்க வேண்டும். நாட்டுக்குத் தேர்தல் வருமுன்னே சங்கத்துக்குத் தேர்தல் வந்துவிட்டது. கணவன் பெயரால் அறியப்பட்ட பெண், உறுப்பினர் ஏட்டில் தன் பெயரைத் தானே எழுதிக் கையொப்பமிட்டாள். வாக்குச் சாவடியில் வேண்டிய பழக்கம் அதுவேயன்றோ?

ஆனால் தமிழ்ப் பெண்ணுக்கு முன் இன்னொரு தடையும் இருந்தது. குடியுரிமையே அத்தடை. 1948 பெப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கூட்டரசு உடன்படிக்கை, வந்தேறிய மக்களுக்குக் குடியுரிமையை எளிதில் வழங்கவில்லை. விண்ணப்பிப்போர் இந்நாட்டிலே பிறந்தவராயின் முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளும், வெளியே பிறந்தவராயின் 25 ஆண்டுகளில் 15 ஆண்டுகளும் இங்கு வாழ்ந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ அறிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த, லயத்தில் பிறந்து பிறப்புச் சான்று பெறாத ஒரு பெண் இவற்றை எங்ஙனம் மெய்ப்பிப்பாள்? பெண் என்பதற்காகச் சட்டம் அவளை விலக்கவில்லை. ஆனால் எழுத்தறிவும் ஆவணமும் கேட்டபோது, ஆண்களைவிட அவையிரண்டும் குறைவாகப் பெற்றிருந்த பெண்களே மிகுதியாக வெளியே நின்றனர். மலாயாவில் பெண்கள் போராட வேண்டியிருக்கவில்லை என்னும் கூற்று இவ்விடத்தில் உடைந்துபோகின்றது.

1952 பெப்ரவரி 16

கோலாலம்பூர் நகராட்சியில் அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய இடங்கள் 12. பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல் என்னும் நான்கு வட்டாரங்களுக்கு மும்மூன்று இடங்கள். களத்தில் எதிரெதிரே நின்றவை இரு பெரும் அணிகள். ஒன்று, டத்தோ ஓன் ஜாபார் 1951 செப்டம்பரில் தொடங்கிய மலாயா சுதந்தரக் கட்சி. எல்லா இனத்தாரும் ஒரே கட்சியில் உறுப்பினராக வேண்டும் என்பது அதன் கொள்கை. மற்றொன்று, அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் அத்தேர்தலுக்கென அமைத்துக்கொண்ட கூட்டு. முடிவில் கூட்டணி 9 இடங்களையும், சுதந்தரக் கட்சி 2 இடங்களையும், கட்சி சாராதவர் ஒருவர் ஓரிடத்தையும் பெற்றனர்.

இத்தேர்தலைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் அனைவரும் அந்த ஒன்பதைப் பற்றியே விரிவாக எழுதுவர். இனவாரிக் கட்சிகள் கூட்டுச் சேரும் முறை அங்குப் பிறந்து, நாட்டை நெடுங்காலம் ஆண்டது என்பது உண்மையே. நாமோ அந்த இரண்டைப் பற்றியும் பேசுதல் வேண்டும். சுதந்தரக் கட்சியின் வேட்பாளராக நின்று வென்றவர்களுள்தான் திருமதி தேவகி கிருஷ்ணன் இருந்தார். போர்ட்டிக்சனில் 1923இல் பிறந்தவர் அவர். அக்கட்சியின் வேட்பாளராக நின்று, ஆண்கள் மட்டுமே அமர்ந்து பழகிய மன்றத்தில் இடம் பெற்றார்.

முதன்மை பற்றிய செய்தியில் ஒரு தெளிவு வேண்டும். அன்று தனி ஆட்சிப் பகுதியாக இருந்த சிங்கப்பூரில் 1949இல் பிலிஸ் இயூ நகராட்சிக்கும், 1951இல் விலாசினி மேனன் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். மலாயாக் கூட்டரசு என்ற எல்லைக்குள்ளேதான் தேவகியின் முதன்மை அமைகின்றது. அதனால் அதன் பெருமை குறைவதில்லை. அதே பருவத்தில் இந்தியப் பொதுத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் முன்னே கூறிய அம்மு சுவாமிநாதன் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

நகராட்சி என்பது சிறிய மன்றந்தானே என்று எண்ணுதல் கூடாது. குழாயில் நீர் வருவதும், சாக்கடை அடைபடாதிருப்பதும், தெருவிளக்கு எரிவதும், சந்தையின் தூய்மையும் நகராட்சியின் பொறுப்பு. இவற்றின் குறையை முதலில் அறிபவள் வீட்டை ஆளும் பெண். நாடாளுமன்றம் போர் பற்றியும் உடன்படிக்கை பற்றியும் பேசும். நகராட்சி அவள் வாயிற்படியைப் பற்றிப் பேசும். எனவே, பெண்ணின் வாக்கு முதலில் நகராட்சியில் பயன்பட்டது பொருத்தமே.

1955உம் பின்னரும்

1955 சூலை 27ஆம் நாள் நாடு தழுவிய முதல் தேர்தல் நடைபெற்றது. 52 இடங்களுள் 51ஐக் கூட்டணி வென்றது. வென்றோருள் பெண் ஒருவரே; உலு சிலாங்கூர்த் தொகுதியில் நின்ற ஹலிமாத்தோன் அப்துல் மஜீத். வாக்காளர் தொகை ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம். அவர்களுள் மலாய்க்காரர் நூற்றுக்கு 84 பேர். சீனர் 11 பேர். இந்தியரும் பிறரும் எஞ்சிய 5 பேர். குடியுரிமைத் தடையின் விளைவை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை பெற்றபோது குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டன. அதன் பின்னரே தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுள் பலர் வாக்காளராயினர். அவர்களைப் பொறுத்தவரை முதல் வாக்கு 1952இலோ 1955இலோ அன்று, 1959இல்தான்.

1959இல் 104 இடங்களுள் மூன்று பெண்கள் வென்றனர். அவருள் ஒருவர் கதீஜா சீடேக். அம்னோவின் தாய்மார் பிரிவுக்குத் தலைவியாயிருந்து, பெண்களுக்கு மிகுதியான வேட்பாளர் இடங்களைக் கேட்டவர். 1956இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்; வேறு கட்சியின் சார்பில் டுங்குன் தொகுதியில் நின்று வென்றார். வாக்குக் கேட்கப் பெண்கள் வேண்டும், வேட்பாளராகப் பெண்கள் வேண்டா என்னும் மனப்போக்கு எல்லா இனத்தாரிடமும் எல்லாக் கட்சிகளிலும் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

வாக்கைப் பெற்ற பெண்கள் அதனைக் கொண்டு என்ன செய்தனர்? ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. சான்சி ராணிப் படையில் இளம் வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பின்னர் ஆசிரியையாகிக் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாகவும் விளங்கினார். அவர் 1960இல் ஆசிரியைகளுக்கெனத் தனிச் சங்கம் கண்டு, அதன் முதல் தலைவியானார். ஒரே கல்வித் தகுதி, ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஆசிரியைக்கு மட்டும் குறைந்த ஊதியம். தோட்டத்தில் 50 காசும் 40 காசுமாக இருந்த அதே வேறுபாடு, பள்ளியில் சம்பள ஏட்டில் இருந்தது. இடையறாத முயற்சியின் பயனாக 1969இல் அரசுப் பணியில் சம ஊதியம் நடைமுறைக்கு வந்தது. 1963இல் பல இனப் பெண்கள் அமைப்புகளும் இணைந்து தேசிய மகளிர் மன்றத்தை நிறுவியபோது, அதன் முதற் பொதுச் செயலாளரும் ராசம்மாவே. முசுலிம் அல்லாதாரிடையே ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கிய 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம், இத்தகைய மகளிர் அமைப்புகளின் வற்புறுத்தலை ஒட்டிப் பிறந்தது. 1982 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது.

தேவகி 1975இல் ம.இ.கா. மகளிர் பிரிவு தோன்றியபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஜானகி 1980இல் மேலவை உறுப்பினரானார். ஆயினும் மலேசிய இந்தியப் பெண் ஒருவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2013இல்தான். பத்து காவான் தொகுதியில் வென்ற கஸ்தூரி பட்டு அவர். நகராட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு எட்டியது 61 ஆண்டுப் பயணமாயிற்று.

மூடப்பட்ட கதவு

இனி, இவ்வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருவோம். தேவகி நுழைந்த அந்தக் கதவு இன்று இல்லை. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் நீங்கி, 1961 முதல் கோலாலம்பூர் ஆணையர் ஒருவரின் ஆட்சிக்கு உட்பட்டது. பிற ஊர்களில் நடந்துவந்த நகராட்சித் தேர்தல்களும், இந்தோனேசிய மோதல் காலத்தில், 1965 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றை ஆராய்வதற்கு அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் தலைவர் ஆதி நாகப்பன்; ஜானகியின் கணவர். தேர்தல்கள் மீண்டும் நடைபெற வேண்டும் என்றே அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், உறுப்பினர் நியமனமே முறை என்று நிலைநாட்டிவிட்டது.

கோலாலம்பூர் 1974 பெப்ரவரி முதல் நாள் கூட்டரசுப் பிரதேசமாகிச் சிலாங்கூரிலிருந்து பிரிந்தது. அதனால் அங்கு வாழ்வோர்க்குச் சட்டமன்ற வாக்கும் இல்லாது போயிற்று. கிள்ளானில் வாழும் பெண் இன்று நாடாளுமன்றத்துக்கும் சிலாங்கூர்ச் சட்டமன்றத்துக்குமாக இரு வாக்குகள் அளிக்கின்றாள். பிரிக்பீல்ட்ஸில் வாழும் பெண்ணுக்கோ ஒரே வாக்கு. தன் தெருவின் சாக்கடையைப் பற்றி முடிவு செய்வோரை இருவருமே தேர்ந்தெடுப்பதில்லை. 1952இல் பங்சார் பெண்ணுக்கிருந்த அவ்வுரிமை, அவள் பேத்திக்கு இல்லை.

உரிமை என்பது ஒரு முறை பெற்றுவிட்டால் என்றும் நிலைப்பது என்று நாம் எண்ணுகின்றோம். இவ்வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றது. கேட்டுப் பெற்றோரின் நினைவு அழியுமாயின், பெற்றது நழுவும்போது கேட்பாரும் இரார்.

எதைக் கொண்டாடுவது?

ஆகவே, நாம் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட கூற்றுக்கு விடை கூறலாம். மலாயாவில் பெண் வாக்குரிமைக்கெனத் தனி இயக்கம் எழவில்லை என்பது மெய். ஆனால் அவ்வுரிமையை ஏந்தும் கை எளிதில் உருவாகவில்லை. கிள்ளான் தோட்டங்களில் மானத்தைக் கேட்டபோதும், பாசறையில் அணிவகுத்தபோதும், சங்க ஏட்டில் பெயர் எழுதியபோதும், குடியுரிமைக்குச் சான்று தேடி அலைந்தபோதும் அக்கை உருவாயிற்று.

ஆகஸ்டு 25ஆம் நாளை மலேசியா மகளிர் நாளாகக் கொண்டாடுகின்றது. அதனோடு பெப்ரவரி 16ஐயும் தமிழ்ப் பள்ளிகள் நினைவிற் கொள்ளலாம். பெருவிழா எடுக்க வேண்டுவதில்லை. வகுப்பில் ஒரு பாடவேளை போதும். மாணவியர் கூடி, வகுப்புத் தலைவியை வாக்குச் சீட்டால் தேர்ந்தெடுக்கட்டும். தம் பாட்டி முதன்முதலில் எந்த ஆண்டு, எந்தப் பள்ளிக் கட்டடத்தில் வாக்களித்தார் என்று கேட்டு எழுதி வரட்டும். அக்குறிப்புகள் சேருமாயின், எந்த ஆவணக் களரியிலும் கிடைக்காத வரலாறு நமக்குக் கிடைக்கும். அம்மூதாட்டியர் இன்னும் சிலரே நம்மிடையே உள்ளனர். தேவகி கிருஷ்ணன் தம் நூறாம் அகவையில், 2024 சனவரியில் மறைந்தார். ஜானகி 2014இலேயே மறைந்துவிட்டார்.

2021 திசம்பர் முதல் மலேசியாவில் 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் தாமாகவே சேர்கின்றன. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமி எந்த அலுவலகத்தின் முன்னும் வரிசையில் நிற்க வேண்டுவதில்லை. தன் பெயரை எவரிடமும் அஞ்சி அஞ்சிச் சொல்ல வேண்டுவதில்லை. அவள் பெயர் அங்கே ஏற்கெனவே இருக்கும். அப்பெயர் அப்பட்டியலில் ஏறுதற்கு முன் எத்தனை பெண்கள் தம் பெயரைச் சொல்லத் துணிந்தனர் என்பதை அவளுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர்தம் கடன்.